கிளினிக்குக்கு முந்தினநாள் பாவற்காய்

மாமா,

குசினியில் பாவற்காய் வதங்குகிற மணம். நாளைக்கு அம்மாவுக்குச் சீனி வருத்தக் கிளினிக்.

எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. வேறு வீடென்றால் போகட்டும் என்று விடலாம். உங்களைப் பறிகொடுத்த வீட்டில், உங்களுடைய சொந்தத் தங்கச்சி, உங்களுடைய அதே வித்தையைச் சட்டியில் போட்டுப் பிரட்டிக்கொண்டு நிற்கிறா. நேற்று மத்தியானம் வரைக்கும் கோப்பையில் சோறு கோபுரம் கட்டியிருந்தது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து குரக்கன் பிட்டு, வெந்தயத் தண்ணீர், பாவற்காய். அலுமாரிக்குள் தூங்கிய மருந்துக் குளிசைகள்கூட எழும்பி வந்து மேசையில் வரிசையாய் நிற்கின்றன.

"என்னம்மா திடீரெண்டு?"

"வயித்துக்கு ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை."

முகத்தில் ஒரு அசைவில்லை. பொய் சொல்ல வேண்டி வந்தால் உங்கள் குடும்பம் முழுக்க வயிற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும்.

அந்த முகம் உங்களிடம் வாங்கினதுதான். ஒருமுறை உங்கள் தேத்தண்ணிக்குள் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டு வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீங்கள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தீர்கள். "இண்டைக்கு என்ர சின்ன மருமோளின்ர கைராசி" என்று கோப்பையையும் கழுவி வைத்தீர்கள். அடுத்தநாள் நான் சைக்கிளை உருட்டினால் சீற்றுக்குக் கீழே ஆட்டு மணி கட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் வரைக்கும் கிணிங் கிணிங் என்று போனேன். உப்பை முழுங்கிவிட்டுச் சிரிக்கிற ஆள் வேறு எதையெல்லாம் முழுங்கிவிட்டுச் சிரிப்பார் என்று அன்றைக்கே உலகம் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஸ்கந்தபுரத்தில் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களில் நீங்கள்தான் சீனியர். அதனால் அக்கா தன்னுடைய முதுமாணிப் படிப்புக்கு ஆய்வு செய்ய எங்கள் ஊரைத் தெரிவு செய்ததும், அது உங்களுக்காகவே நடக்கிற திருவிழா என்று நினைத்துவிட்டீர்கள். அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. வேலை முடிந்த களைப்போடு பஸ் ஏறிப்போய்ப் படித்தா. அவாவின் கேள்வி சின்னக் கேள்விதான்: ஒரு தாதி மாதாமாதம் வீட்டுக்கே போய், சாப்பாடு, குளிசை, கால் பராமரிப்பு எல்லாம் சொல்லிக் கொடுத்தால் ஆட்களின் சீனி குறையுமா? மாதாமாதம் விரலில் குத்திப் பார்ப்பது. தொடக்கத்திலும் முடிவிலும் கை நரம்பில் இரத்தம் எடுத்து, கடந்த மூன்று மாதமும் சீனி எப்படி இருந்தது என்று காட்டிக்கொடுக்கிற பரிசோதனைக்கு அனுப்புவது.

முதல் நாளே அக்கா உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா. நானும் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, சொந்தக்காரரை ஆய்விலை சேக்கிறேல்லை. உங்களுக்கும் குத்திப் பாப்பன், ஆனா உங்கட நம்பர் என்ர கணக்கிலை வராது. விளங்குதோ?"

"ஓம் ஓம், விளங்குது பிள்ளை."

விளங்கின லட்சணம்! அன்றைக்குப் பின்னேரமே சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றி, "பெரிய மருமோளின்ர ஆய்வுக்கு நான்தான் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

பொதுநோக்கு மண்டபத்தில் அக்கா எல்லோருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தா. சீனி வருத்தம் நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும், முள் குத்தினாலும் தெரியாது, அதனால் தினமும் கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பாருங்கோ என்று சொல்லிக் கொடுத்தா. எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தநாள் பார்த்தால் உங்கள் கண்ணாடி உங்கள் சைக்கிளின் ஹாண்டிலில் கம்பி போட்டு இறுக்கியிருக்கிறது.

"மாமா, அது காலைப் பாக்கத் தந்தது."

"கால் எங்கையடி போகப்போகுது? பின்னாலை வாற டிப்பரைத்தான் பாக்க வேணும்."

நான் சிரித்தேன். சொல்கிறது பகிடி என்றால் அது பகிடிதானே, அந்த நேரத்தில்.

பிறகு மாதாமாதம் அக்கா வந்தா. வெறும் வயிற்றில் குத்த வேண்டும் என்பதால் எப்போது வருவேன் என்று முன்கூட்டியே சொல்லித்தான் வர வேண்டும். அதுதான் உங்களுக்குப் போதுமாய் இருந்தது. அக்கா குத்தக் குத்த நம்பர் எல்லாம் தங்கம். கணினியில் கோடு இறங்கிக்கொண்டே போனது. அக்கா ஆய்வு செய்தா, ஊர் ஓய்வெடுத்தது, கோடு மட்டும்தான் உழைத்தது.

கடைசியாக மூன்று மாதப் பரிசோதனை முடிவு வந்தது. தொடங்கினபோது எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. சிலருக்குக் கூடியும் இருக்கிறது.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை மாமா, நான் பார்த்தேன். விரலில் குத்தினால் நல்லது, நரம்பில் எடுத்தால் மோசம். எது பொய்? இரத்தம் கொண்டுபோன ஐஸ் பெட்டி பஸ்ஸில் சூடாகிவிட்டதோ என்று யோசித்தா. மெசின் பழுதோ என்று தன்னுடைய விரலில் குத்தினா, என்னுடைய விரலில் குத்தினா, அம்மா கிணற்றடிப் பக்கம் ஓடினா. எனக்கு விரல் சல்லடை. தன்னுடைய ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியைக்குத் தொலைபேசி எடுத்து, "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் மிஸ்" என்று அழுதா. சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. உங்களுக்குப் பரிசோதனை என்றால் பரிசு. சோதனை முழுக்க எங்களுக்கு.

எங்கே பிழை என்று பார்க்க அக்கா திரும்பவும் ஒருமுறை எல்லோருக்கும் குத்திவிட்டுப் போன காலையில்தான் நான் செல்வம் அண்ணையின் தேத்தண்ணிக் கடைக்குப் பாண் வாங்கப் போனேன். கடையில் இருக்க இடமில்லை. ஆய்வுக்கு விரல் நீட்டின அத்தனை பேரும் அங்கே. ஒவ்வொருவர் கையிலும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து பொரித்த வாய்ப்பன். எண்ணெய் வடிகிறது. நடுவில், கதிரையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, நீங்கள்.

"மாமா! என்ன இது?"

"வாய்ப்பன்."

"அது தெரியுது. எத்தினையாவது?"

"எடி, இரத்தம் குடுத்த உடம்பு. தேத்திறதில்லையே?"

செல்வம் அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இண்டைக்கு எங்களுக்குச் சோதினை முடிஞ்ச நாள் பிள்ளை. ரெண்டு நாளாப் பாவக்காய் திண்டு நாக்குச் செத்துப் போச்சு. உன்ர மாமா விட்டால்தானே! வாசல் வாசலா வந்து, 'நாளண்டைக்குப் பிள்ளை வருது, ஒழுங்கா இருங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போவார்."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்று பார்த்தேன். நீங்களோ நெஞ்சை நிமிர்த்தினீர்கள்.

"பிள்ளை பஸ்ஸிலை முறிஞ்சு வருது. அதின்ர கையிலை மோசமான நம்பரைக் குடுத்து அனுப்பிறதே? வீட்டுக்கு வாறவைக்கு உள்ளதிலை நல்லதைத்தான் குடுக்கிறது."

கடையே ஆமாம் போட்டது. ஊர் முழுக்க ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறது, அதுவும் விருந்தோம்பல் என்ற பெயரில். கள்ளம் பண்ணுகிறவர்களிடம் ஒரு குற்ற உணர்ச்சியாவது இருந்தால் ஏசலாம். உங்களிடம் பெருமை அல்லவா இருந்தது!

நான் வீட்டுக்கு ஓடிப்போய், பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்ற அக்காவிடம் சொன்னேன். முதலில் அவா, "அப்ப மெசினிலை பிழை இல்லை" என்று மூச்சுவிட்டா. பிறகுதான் கோபம் வந்தது. அன்றைக்கே உங்கள் முற்றத்தில் வந்து நின்றா.

"மாமா, எனக்கு நல்ல நம்பர் வேண்டாம். உங்கட நம்பர்தான் வேணும்."

"கூடின நம்பருக்கு ஆர் பிள்ளை பட்டம் தருவினம்?"

"நான் பட்டத்துக்கே குத்தினனான்? உங்களுக்குத்தானே குத்தினனான்!"

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எதையாவது எடுத்து எறிய வேண்டும்போல் இருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு உங்கள் கால்களில் சப்பாத்து இருந்தது.

வயலுக்குச் செருப்பே போடாத மனுசன் முற்றத்தில் சப்பாத்தோடு நின்றார். "என்ன மாமா, கோட்டுக்கு வழக்குக்குப் போறியளோ?" என்று கேட்டேன். "பாஷன்" என்றீர்கள். உப்புத் தேத்தண்ணி குடித்த அதே முகம்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்து நடுங்கினபோதுதான் அக்கா சப்பாத்தைக் கழற்றினா. வரம்பில் கிடந்த முள்ளுக்கம்பி எப்போதோ ஏறியிருக்கிறது. அது ஏறினது உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, நீங்கள் பழந்துணியால் சுற்றி, சப்பாத்தால் மூடிவிட்டீர்கள். அறை முழுக்க அழுகின புண்ணின் மணம். அக்கா தாதியாக இருந்த ஒரே காரணத்தால்தான் விழாமல் நின்றா.

"ஏன் மாமா சொல்லேல்லை?"

"நீ படிப்பிச்ச காலெல்லோ. எனக்கே புண் வந்தா உன்ர ஆய்வு என்னாகிறது?"

"நீங்கள் ஆய்விலையே இல்லை மாமா! முதல் நாளே சொன்னனான்!"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னீர்கள்: "ஊருக்குத் தெரியுமே அது?"

இதைத்தான் மாமா என்னால் மன்னிக்க முடியவில்லை. விளங்காமல் செய்திருந்தால் பரவாயில்லை. நீங்கள் எல்லாம் விளங்கித்தான் செய்திருக்கிறீர்கள். கணக்கில் வராத காலை, கணக்கைக் காப்பாற்றுவதற்காக அழுகவிட்டிருக்கிறீர்கள். அம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். கிருமி அதற்கு முன்னமே இரத்தத்தில் ஏறிவிட்டது. நீங்கள் பெட்டியில் திரும்பி வந்தபோது உங்களோடு பகிடி விட யாராலும் முடியவில்லை.

அக்கா படிப்பை விடப்போகிறேன் என்றா. யார் சொல்லியும் கேட்கவில்லை. ஆய்வு பொய், ஆளும் போயாச்சு, இனி எனக்கு என்ன பட்டம் என்று இருந்தா.

முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டிச் சாப்பாட்டன்று ஒன்று நடந்தது. நீங்கள் இருந்திருந்தால் தடுத்திருப்பீர்கள். வாழையிலையில் சோறு, பருப்பு, வடை, பாயாசம். செல்வம் அண்ணை பாதியில் எழும்பி, கையைக்கூடக் கழுவாமல் அக்காவுக்கு முன்னால் வந்து விரலை நீட்டினார்.

"இப்ப குத்து பிள்ளை. பாயாசம் குடிச்ச கை. பொய் இல்லை."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றா. அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழும்பினார், அதற்குப் பின்னால் இன்னொருவர். சோற்றுக் கையை நீட்டிக்கொண்டு ஒரு வரிசை. அக்காவிடம் மெசின் இல்லை. அவா செல்வம் அண்ணையின் எச்சில் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதா. உங்கள் செத்தவீட்டில்கூட அவா அப்படி அழவில்லை.

பிறகு அக்கா பேராசிரியையிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னா. அவா, "பிள்ளை, நீர் தேடின விடை கிடைக்கேல்லை. ஆனா கிடைச்சதும் ஒரு விடைதான்" என்று சொன்னாவாம். அனுமதி எல்லாம் புதிதாக எடுத்து, இந்தமுறை ஊசியை வைத்துவிட்டுக் கேள்வியோடு வந்தா அக்கா: கிளினிக்குக்கு முந்தின நாட்களில் என்ன செய்வீர்கள், ஏன் செய்வீர்கள், யாருக்குப் பயம், யாரில் பாசம்? ஆட்கள் கதைத்தார்கள் மாமா. நிறுத்தவே முடியவில்லை. ஆய்வறிக்கையை அனுப்பியாச்சு. இப்போது திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று போய்க்கொண்டிருக்கிறது. பட்டம் பறக்க நேரமாகும், நூல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

இவ்வளவும் நடந்த வீட்டில்தான் இப்போது பாவற்காய் வதங்குகிறது.

பொறுங்கோ, குசினிக்குப் போய்விட்டு வருகிறேன்.

போனேன். சட்டியை இறக்கினேன். கறியை நாய்க்கு வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு, நான் தன்னுடன் பகிடி விடுவதாக நினைத்து எழும்பிப் போய்விட்டது. அம்மா அகப்பையோடு நின்றா.

"அப்ப நாளைக்கு நான் ஏச்சு வாங்க வேணுமெண்டு சொல்லுறியோ?"

"ஓம். வாங்குங்கோ. நானும் வந்து பக்கத்திலை நிண்டு அரைவாசியை வாங்கிறன்."

"நம்பர் கூடினா அக்காவுக்குத்தான் வெக்கம். தாதியின்ர தாய் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"மாமாவும் இதைத்தான் சொன்னவர்."

அம்மா அகப்பையை வைத்துவிட்டா. வழமையான சோறு, வழமையான கறி. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இங்கே நிறுத்திவிட்டுப் போனேன். இப்போது கிளினிக் முடிந்து வந்து எழுதுகிறேன். நம்பர் கூடத்தான். நல்லாய்க் கூட. அம்மாவுக்கு ஏச்சு விழுந்தது. சொன்னபடி எனக்கும் கொஞ்சம் விழுந்தது. குளிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்தமுறை கெதியில் வரச்சொல்லியிருக்கிறார்கள். வருகிற வழி முழுக்க அம்மா பஸ் ஜன்னலோடு மட்டும்தான் கதைத்தா. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் வெடித்தா.

"உன்ர மாமா இருந்திருந்தா என்னை இப்பிடி ஏச்சு வாங்க விட்டிருக்கமாட்டார்."

"ஓம் அம்மா" என்றேன். "விட்டிருக்கமாட்டார்."

அம்மா என்னைப் பார்த்தா. பிறகு சுவரைப் பார்த்தா. சேலையைச் சற்றே தூக்கிக் காலை என் பக்கம் நீட்டினா.

உங்கள் சைக்கிளில் இருந்து கழற்றின கண்ணாடியை நான் பள்ளிக்கூடப் பையில் வைத்திருக்கிறேன், மாமா. நீங்கள் இறுக்கின கம்பி ஒரு மூலையை உடைத்துவிட்டது. பின்னால் டிப்பர் வருகிறதா என்று பார்க்க எனக்குக் கழுத்து இருக்கிறது. நான் நிலத்தில் குந்தி, கண்ணாடியை அம்மாவின் குதிக்காலுக்குக் கீழே பிடித்தேன்.

அது உள்ளங்காலில் பட, "கூசுது" என்றா அம்மா.

நல்லது. கூசட்டும்.