நான்கு சக்கரமும் ஒரு பதிகமும்

அக்டோபர் 4

காலைப் பாராயணம் முடித்து எழுந்தபோது மகளிடமிருந்து அழைப்பு. நலம் விசாரிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"அப்பா, முதல் பனி விழறதுக்குள்ள நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒண்ணு வாங்கிடுங்க. இல்லைன்னா அம்மாவும் நீங்களும் இங்க வந்துடணும். போன வருஷம் மாதிரி இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

போன ஆண்டு நடந்தது வேறொன்றுமில்லை. இந்தக் குளிர்தேசத்தில் எங்கள் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. பனி உறைந்த ஒரு காலையில், ஏறிக்கொண்டிருந்த எங்கள் வண்டி திடீரென்று கொள்கையை மாற்றிக்கொண்டு பின்னோக்கி வழுக்கி, கீழ்வீட்டுப் பல் மருத்துவரின் செடிவேலிக்குள் போய் அமர்ந்தது. யாருக்கும் காயமில்லை. வேலி போயிற்று. மருத்துவருக்கும் எனக்கும் இருந்த பேச்சும் அதோடு போயிற்று.

மகள் வீடு அடுக்குமாடியில். மெல்லிய சுவர்கள். மாப்பிள்ளைக்கு இரவுப் பணி. விடியலில்தான் கண் மூடுவார். நானோ விடியலில்தான் வாய் திறப்பேன். நாற்பது ஆண்டுகளாக உரக்கச் சொல்லிவந்த பதிகத்தை அங்கே தலையணைக்குள் முகம் புதைத்துக்கொண்டா சொல்வது?

"பனி எப்போ விழும்? உண்மையைச் சொல்லுங்கப்பா" என்றாள். வானிலை நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது! வானத்தைக் குறித்து நான் பொய் சொன்னதில்லை.

"மாசக் கடைசி" என்றேன்.

அக்டோபர் 6

வண்டி எவ்வாறு இருத்தல் வேண்டும்? முன்னோர் குதிரைக்கு இலக்கணம் வகுத்தார்கள். நெற்றி, குளம்பு, சுழி, கனைப்பு என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. செகண்ட் ஹேண்ட் செடானுக்கு ஒருவரும் வகுக்கவில்லை. ஆகவே நானே வகுத்தேன். உரிமையாளர் வாய்மையுடையவராதல். நிறம் அடக்கமாதல். நான்கு சக்கரமும் ஒருமனப்பட்டு இழுத்தல். உள்ளே அமர்ந்து பதிகம் சொன்னால் குரல் சிதையாமல் நிற்றல்.

இல்லாளிடம் வாசித்துக் காட்டினேன்.

"பிரேக்?" என்றாள்.

சேர்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 9

நகர எல்லையில் பழைய வண்டி விற்கும் தமிழர் ஒருவரிடம் சென்றோம். சாம்பல் நிறச் செடான். யானைக்கன்று போன்ற திரட்சி. ‘ஆல் வீல் டிரைவ்’ என்னும் சொற்கள் பின்புறத்தில் பளபளத்தன.

சாவியைத் திருப்பினால் என் வாய் தானாகப் பதிகத்தைத் தொடங்கிவிடும். இஞ்சினும் நானும் என்றும் சேர்ந்தே கிளம்பியிருக்கிறோம். இன்றும் அப்படியே. இரண்டாம் பாட்டில், அருகே அமர்ந்திருந்த விற்பனையாளரும் சேர்ந்துகொண்டார்! தேனாய் இனிக்கும் குரல். மூன்றாம் பாட்டில் அவர் கண் கலங்கிற்று. எனக்கும் கலங்கிற்று. சாலை சற்று மங்கலாகத் தெரிந்தது, பாதகமில்லை. இவரைவிட வாய்மையாளரை எங்கே போய்த் தேடுவது? வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் இல்லாள் கேட்டாள்: "பின்னால கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சே, உங்களுக்குக் கேக்கல?"

"என்ன சத்தம்?"

"தகரத்துல கல்லைப் போட்டு உருட்டற மாதிரி."

"அவர் தாளம் போட்டார்" என்றேன்.

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 10

சாப்பிடும்போது இல்லாள்: "ஒர்க்‌ஷாப்ல ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க. உங்க வாக்கு எங்கயும் ஓடிப் போயிடாது."

அக்டோபர் 12

தூக்கிப் பார்த்தார்கள்.

பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டே அங்கே இல்லை. எப்போதோ பழுதாகியிருக்கிறது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எழுத்துகளை மட்டும் நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். வீல் பேரிங்கும் போய்விட்டதாம். கடகட அதுதான். ஆக, முன் சக்கரங்கள் இரண்டும் உழைக்கின்றன. பின் சக்கரங்கள் இரண்டும் விருந்தாளிகளாக உடன் வருகின்றன.

தேன்குரலாரை அழைத்துக் கேட்டேன். "ஐயா, எல்லாம் ஒரு நம்பிக்கைதானே?" என்றார்.

"நம்பிக்கை வேற, தண்டு வேற" என்றேன்.

ஆயினும் மூன்றாம் பாட்டில் அவர் கண் கலங்கியது பொய்யென்று எண்ண இன்னும் மனம் வரவில்லை. சுருதி அத்தனை சுத்தம்.

அக்டோபர் 13

இன்று வீட்டில் எனக்கு விசாரணை.

"நீங்க பாடிட்டே ஓட்டினா, வண்டி என்ன சொல்லுதுன்னு எப்படிங்க கேக்கும்?"

"பதிகத்தைக் குத்தம் சொல்றியா?"

"பதிகத்தை யாரு சொன்னா? போன வருஷம் வண்டி பின்னால போகுது. நான் ‘ஏங்க, ஏங்க’ன்னு கத்தறேன். நீங்க என்னடான்னா எனக்குப் போட்டியா குரலை ஏத்தறீங்க!"

அப்படியா நடந்தது? இருக்காது. இருக்குமோ? அன்று நான்காம் பாட்டு வழக்கத்தைவிட நன்றாக அமைந்ததென்றுதான் எனக்கு நினைவு.

அக்டோபர் 18

இன்னொரு வண்டி. இம்முறை பாடுவதில்லை என்று உறுதி பூண்டு உதட்டை இறுக்கிக்கொண்டேன். சில திருப்பங்கள் வரை உறுதி நின்றது. பிறகு உதடு என்னைக் கேளாமலே திறந்துகொண்டது. கியர்பாக்ஸ் தட்டியதை இல்லாள் சொல்லித்தான் அறிந்தேன்.

அக்டோபர் 19

நேற்றைய வண்டியைப் பற்றி ஒரு வெண்பா முயன்றேன். ‘கியர்பாக்ஸ்’ வருமிடத்தில் தளையும் தட்டியது. விட்டுவிட்டேன் — வெண்பாவையும், வண்டியையும்.

அக்டோபர் 22

வடக்கே மேகம் ஈய நிறத்தில் திரள்கிறது. காற்றில் அந்த வாடை வந்துவிட்டது.

மகள் அழைத்தாள். "ரூமை ஒழிச்சு வச்சுட்டேம்ப்பா. உங்க பாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, அவருக்கு நல்ல ஹெட்ஃபோனா ஒண்ணு வாங்கியாச்சு."

அன்புதான். மறுக்கவில்லை. ஆயினும் ஒருவனுடைய வழிபாட்டைத் தடுக்க ஒரு கருவி காசு கொடுத்து வாங்கப்பட்டிருக்கிறது.

அலமாரியைத் திறந்து, அங்கே எடுத்துச்செல்ல வேண்டிய நூல்கள் எவை என்று பார்த்தேன். ஒன்றைக்கூட விட்டுச்செல்ல முடியாது. மூடிவிட்டேன்.

அக்டோபர் 24

"பல் டாக்டர் வீட்டைக் காலி பண்ணிட்டு மகன்கிட்ட போறாராம். இனி பனியே வேண்டாம்ங்கறார்" என்றாள் இல்லாள். "அவரு வண்டி நாலு சக்கரமும் இழுக்குமாம். பாப்போமா?"

"அவருக்கும் எனக்கும்தான் பேச்சே இல்லையே."

"எனக்கு இருக்கு. வேலி போனதுலேர்ந்து நின்னு பேசறதுக்கு வசதியாவே இருக்கு."

கீழே போனோம். மருத்துவர் வாசலிலேயே நின்றார். "வாங்க சார். உங்க பாட்டு தினமும் எங்க சமையலறைக்கு வருது. உங்க வண்டி ஒரு தடவை வந்துச்சு. நீங்க இன்னைக்குத்தான் வர்றீங்க."

உள்ளே போனேன்.

இவர் தம் வண்டியைப் புகழவே இல்லை. "பின்னால இடப்பக்கக் கண்ணாடி இறங்காது. சீட்டுல நாய் வாசம் போகாது. நாய் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. ஆனா டயர் நாலையும் ஒண்ணாத்தான் மாத்தியிருக்கேன். ஒண்ணு புதுசு, மூணு தேய்ஞ்சதுன்னு ஓட்டினா இந்த மாதிரி வண்டிக்கு உள்ள கியர்ல இருக்கிற பல்லெல்லாம் போயிடும் சார். பல் விஷயத்துல நான் அலட்சியமா இருக்க மாட்டேன்."

என் இலக்கணத்தின் முதல் விதி நினைவுக்கு வந்தது. "டாக்டருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்று கேட்டுவிட்டேன். இல்லாள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"கிடையாது சார்" என்றார். "ஆயில் மாத்தறதுல உண்டு."

அக்டோபர் 26

இறைவனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வாய் மூடி ஓட்டினேன். அருகே மருத்துவர், பின்னே இல்லாள்.

என்னே அமைதி! வண்டிக்குள் இத்தனை ஒலிகள் உண்டென்று இத்தனை காலம் எனக்குத் தெரியாது. இண்டிகேட்டர் டிக்கு டிக்கென்கிறது. சக்கரத்தின் கீழ்ச் சரளை நறநறக்கிறது. ஹீட்டர் பெருமூச்சு விடுகிறது. மேட்டில் வண்டி நழுவாமல், திணறாமல் ஏறிற்று. ஆனால் மூன்றாம் திருப்பத்தில் — பின்னாலிருந்து ஒரு மெல்லிய முனகல்.

"டாக்டர், பின்னால ஏதோ முனகுது."

"என் வண்டியிலயா?" தம் பேரன்மீது பழி சுமத்தியதைப்போல் பதறினார். நிறுத்தச் சொல்லி இறங்கி, டார்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மீண்டும் அடிவாரத்திலிருந்து ஏறினோம். முதல் திருப்பத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் மறுபடி முனகல்.

கண்ணாடியில் பார்த்தேன். இல்லாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"நான்தாங்க" என்றாள். "இந்தத் திருப்பம் வந்தா மூணாம் பாட்டு வரணும். இத்தனை வருஷமா வந்துட்டிருக்கு. நீங்க சும்மா இருந்தா வண்டி திரும்பின மாதிரியே இல்ல."

"அப்ப என் வண்டி மேல குத்தம் இல்ல!" என்றார் மருத்துவர். அவருக்கு அதுதான் முக்கியம்.

அவளுக்குப் பதிகம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. முழுதும் தெரியுமா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "பின்னால உக்காந்திருக்கறவளுக்கு வேற என்ன வேலை?" என்றாள்.

அக்டோபர் 27

ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் பார்த்தார்கள். தண்டு இருக்கிறது.

அக்டோபர் 30

வானம் என்னைப் பொய்யனாக்கவில்லை. விடியலில் எழுந்தபோது சாலை, கூரை, கம்பி எல்லாம் வெள்ளை. பாராயணத்தை வழக்கம்போல் உரக்கவே முடித்தேன். முடித்த கையோடு மகளை அழைத்து, ஹெட்ஃபோனை மாப்பிள்ளை வேறு நற்காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தெரிவித்தேன். "ஏறிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள்.

கடைத்தெருவுக்கு இறங்கிப் போய்விட்டு ஏறினோம். பெட்டி கட்டிக்கொண்டிருந்த மருத்துவர் எங்கள் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து, வீட்டுக்கு வரப்போகிறவர்களுக்காக இந்த வாரம் புதிதாக நட்ட வேலிக்கு முன்னால் இரு கையையும் விரித்து நின்றார். கடந்து சென்றோம். நான்கு சக்கரமும் ஒருமனப்பட்டு இழுத்தன.

நான் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து அவள் பாடினாள். இப்போது முனகல் இல்லை, பாட்டே. இரண்டாம் பாட்டில் ஓர் அடியை மாற்றிப் பாடினாள்.

திருத்தவில்லை. மேடு இன்னும் பாதி இருந்தது.