கொழும்பிலிருந்து வந்த கம்பிக்கயிறு

பாளையங்கோட்டை
12 நவம்பர் 1913

அன்புள்ள மகன் பாக்கியசீலனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஜெபகனி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் கொழும்பு மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் நல்ல மழை, ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது, பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. அப்பா புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் தங்கச்சியைக் கோபிக்காதே. வாசலில் சருகு அசைந்தால்கூட விளக்கைத் தணித்துவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கிறாள். அவள் ஏன் பயப்படுகிறாள் என்று சொல்கிறேன்.

வைகாசியில் நீ வந்திருந்தபோது அப்பா ஓட்டும் டாக்டர் துரையின் பழைய மோட்டாருக்கு அடியில் படுத்துப் பார்த்து, பிரேக்குக் கம்பிக்கயிறு துருவேறி நைந்துவிட்டது, மாற்றாமல் ஓட்டக்கூடாது என்றாய். சொன்னது நியாயம்தான், சபையார் நாலு பேர் நிற்கையில் சொன்னதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏலே, உன்னய மடியில வச்சுக்கிட்டு வில்வண்டி ஓட்டுனவம்லே நான், எனக்கு வண்டி படிச்சுத் தாரியோ” என்று அவர் கேட்டதும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லாமல் கப்பலேறியதும் உனக்கு மறந்திருக்காது. பிறகு நீ வேலை செய்யும் மோட்டார் பட்டறையிலிருந்து புதுக் கம்பிக்கயிறும், மாட்டும் விதம் எழுதிய கடிதமும் பார்சலில் அனுப்பினாய். அவர் கட்டை அவிழ்க்காமலே பரணில் போட்டார். அன்று முதல் உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஆறு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் பெட்ரோல் டின் வாங்க வண்டியைத் தனியாக ஓட்டிப் போனவர், கொக்கிரகுளத்தில் பாலத்துக்கு இறங்கும் சரிவில் கைப் பிரேக்கின் பிடியை இழுத்திருக்கிறார், கம்பிக்கயிறு அறுந்து பிடி வெறுமனே கையோடு வந்துவிட்டது. கால் பிரேக்கு எப்போதும் அரைகுறைதான். ஆள்நடமாட்டம் பார்த்து, வண்டியை ஒடித்து ஒரு வைக்கோல்போரில் விட்டார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தகரவேலை அகமது மீரான் நம் வீட்டு வாசலிலேயே நின்று, “என்ன அண்ணாச்சி, மோட்டாருக்கும் பசிச்சிட்டோ, வைக்கலக் கண்டதும் பாஞ்சிட்டாம்லா” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. துரையிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்று நாளில் வண்டி சரியாகாவிட்டால் வேறு டிரைவர்தான் என்று துரை சொல்லிவிட்டாராம்.

மறுநாள் பரணில் பார்சல் இல்லை. இவள் பள்ளிக்கூடம் விட்டு நேரங்கழித்து வந்தாள், பாவாடையெல்லாம் மசகு. என்னடி என்றால் அழுகை, பிறகுதான் எல்லாம் சொன்னாள். அப்பா இவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, அம்மையிடம் சொல்லமாட்டேன் என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைக்கச் சொல்லி, உன் கடிதத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று சாயங்காலமும் இவள் மண்ணெண்ணெய்ப் பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, “அத இன்னொருக்கப் படி, பைய” என்பாராம். இரண்டு சக்கரத்துக்கும் கம்பி ஒரே அளவு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கமாகச் சாயும் என்று நீ எழுதிய இடம் வந்ததும், “ரெண்டு மாடும் ஒண்ணா நிக்கணும்னு சொல்லுதான். சரியாத்தான் சொல்லுதான்” என்றாராம். கம்பி முனை பிரியாமல் ஈயம் வைத்துக் கொடுத்தவர் அந்த அகமது மீரான்தான். சத்தியத்தை மீறிவிட்டோம், அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் இவளுக்கு நடுக்கம். பாவம் என்னுடையது, நீ எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. துரையோடு கடற்கரை உவரிக்குப் போய் வருவதால் உப்புக்காற்று கம்பியைத் தின்றது என்று எழுதியிருந்தாயாம். காற்று பாதிதான், மீதி நான். குடம் துலக்குவது போல அந்தப் பிடியின் பித்தளையைப் புளிபோட்டுத் துலக்குங்கள், பொன்னாட்டம் இருக்கும் என்று தினமும் புளி எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. புளித்தண்ணீர் பிடி வழியாக வடிந்து கம்பியிலேயே ஊறியிருக்கிறது. பிடியை ஒட்டின இடந்தான் அதிகம் அரித்திருந்தது என்று தங்கச்சி சொன்னாள். இப்போது அப்பா சாம்பலால் துடைக்கிறார். புளி வேண்டாமா என்றால், “அது கொழம்புக்குக் கெடக்கட்டும்” என்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் நாள் துரையை ஏற்றிக்கொண்டு அதே சரிவில் இறங்கி, நடுவிலே நிறுத்திக் காட்டியிருக்கிறார். அன்று இரவு குடும்ப ஜெபத்தில் எல்லாருக்காகவும் வேண்டினார். பிறகு உன் பேரைச் சொன்னார். நான் கண்ணைத் திறக்கவில்லை.

நீயும் முட்டுக்கட்டை கொடுக்காமல் எந்த மோட்டாருக்கு அடியிலும் படுக்காதே. ஞாயிறு ஆராதனையை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அப்பா பேருக்கு ஒரு காகிதம் போடு. இரண்டு கம்பியையும் அளவு ஒத்து எப்படி மாட்டினீர்கள் என்று கேள். உனக்குத் தெரிந்ததுதான், தெரியாதவன் போலக் கேள் ராசா. அவர் சொல்லுவார்.

உன் நன்மையே நாடும் தாய்,
எலியேசர் தேவமணி