வின்னியின் பாதிச் சொற்கள்

1974 நவம்பர் 4, திங்கள்
எனக்கு எழுத்து வராது. மகள் விட்டுப்போன டேப் ரிகார்டரில் பேசி வைக்கிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவி வின்னி பாதிப் பாதியாகத்தான் பேசுகிறாள். "ஹிக்கல்டி" என்பாள். காத்திருப்பாள். பிறகு ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பாள், பதில் வந்த மாதிரி. நாற்காலியில் யாரும் இல்லை.

நவம்பர் 5
பக்கத்து வீட்டு ஹெட்டியைக் கேட்டேன்.
"ஹிக்கல்டி-பிக்கல்டி, கண்ணு. தாறுமாறாக் கிடக்குறது. சின்னதுல இவளும் இவ அக்கா மேபலும் ஆளுக்குப் பாதி சொல்லி விளையாடுவாங்க. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தின ஆளு, இதுகூடத் தெரியாதா உனக்கு?"
ஏமனிலிருந்து கப்பலில் கரி அள்ளிக்கொண்டு வந்து, இங்கிலாந்தில் இந்த ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் இறங்கியவன் நான். ஏவலுக்கான இங்கிலீஷே போதுமாக இருந்தது. மேபல் சிறுமியாகவே செத்துப்போனவள்.

நவம்பர் 9
ஏமனில் எங்களுக்கும் இப்படி ஜோடிச் சொற்கள் உண்டு, ஷைத்தான்-லைத்தான் என்று. பாதியில் நிறுத்தினால் அம்மா அடிப்பாள். மிச்சத்தை வேறு யாராவது முடித்துவிடுவார்களாம்.
இனி வின்னிக்கு நான்தான் முடிப்பேன்.

நவம்பர் 12
பிட்டர்-பாட்டர், மழைத் தூறல். டாப்ஸி-டர்வி, தலைகீழ். ஹெட்டி சொல்லித் தர, அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்தது.

நவம்பர் 15
"டாப்ஸி" என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் "டர்வி" என்றேன்.
நாற்காலியை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

நவம்பர் 16
இன்றும் முடித்து வைத்தது நான்தான்.

நவம்பர் 23
காலையிலிருந்து "பாட்டர்" என்கிறாள். "டர்வி" என்கிறாள். பின்பாதி மட்டும். முன்பாதியை நான் சொல்லவில்லையே. அப்போ சொல்றது யாரு?

நவம்பர் 26
நாற்காலிப் பக்கம் பார்த்து "நில்லி" என்றாள், பணிவாக. எனக்குத் தெரியாத சொல். சுவரைத் தட்டி ஹெட்டியைக் கூப்பிட்டேன்.
"வில்லி-நில்லி. மனசு இருந்தாலும் இல்லாட்டியும் நடந்தே தீரும்னு அர்த்தம்" என்றவள், வின்னியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "இவகிட்ட 'வில்லி' சொன்னது யாருய்யா?"

டிசம்பர் 3
வின்னியின் அடக்கம் முடிந்தது. ஹெட்டி சூப் கொண்டுவந்தாள். "இங்க தனியாப் படுக்காத. எங்க வீட்டுக்கு வா" என்றாள். வரவில்லை என்றேன்.
அவள் போனதும் கதவைச் சாத்தினேன். ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து "பிட்டர்" என்று சொன்னேன். சற்றுப் பொறுத்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.
பதில் சொல்வது மேபலாக இருந்தாலும் பரவாயில்லை.