இலவசத்துக்குப் போகும் வர்க்கி

ஜூலை 14, செவ்வாய்

கோயமுத்தூர் துணிக்கடை மேனேஜர் இன்னிக்கும் நம்ம பேக்கரிக்கு வந்தான். ஆடித் தள்ளுபடியில சேலை வாங்கறவங்களுக்கு இலவசமா குடுக்க நம்ம மலை வர்க்கி பிஸ்கட் வேணுமாம், அதுவும் பாதி விலைக்கு. "டூரிஸ்ட் வராத இந்த மழையில உங்க அடுப்பு சும்மாத்தானுங்க்கா கெடக்குது"ன்னு சிரிச்சான். அது நெசம்கறதுதான் வயித்தெரிச்சல். மைதா, விறகு, கூலி போக ஏதோ கொஞ்சம் மிஞ்சும். "ஆளுங்க வேலையில்லாம நிக்கறாங்க, ஒத்துக்க"ன்னு ஊட்டுக்காரரும் சொன்னார். ஆனா முழு விலை குடுக்கற குன்னூர் கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சா அவங்களும் பாதிக்குக் கேப்பாங்க. அதனால, "பாக்கெட்ல எங்க பேர் இருக்கக் கூடாது"ன்னேன். "பேரில்லாட்டியும் திங்கறவங்க திம்பாங்க"ன்னான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆர்டரை ஒத்துக்கிட்டேன். நாளைக்கு அட்வான்ஸோட வருவான். வாங்கிக்குவேன். ஆனா உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.