இரண்டாம் முகவரி

நாள் 288, 07:00

சனிக்கோளின் ரியா நிலாவை ஒற்றை ஆளாக அரசாளும் பொறியாளர் வெயிலுமுத்து எழுதுவது. இதைக் கண்டெடுப்பவர் யாராயினும் வணக்கம். என் குடிமக்கள்: ஒரு சர்வர், ஒரு ரேடார், இரண்டு ஆன்டெனா, அண்டசராசரத்திலேயே மிக மோசமான ஒரு காபி இயந்திரம். ஆக்சிஜன் சரி. மின்சாரம் சரி. மன்னரின் தொப்பை மிகச் சரி.

துக்கச் செய்தி ஒன்று. வரும் கலங்களோடு பேசிக்கொண்டிருந்த பழைய கணினி நேற்று இயற்கை எய்தியது. நாளை என் அக்கா மகள் இசக்கி ஒரு கலத்தில் தனியாக இங்கே வருகிறாள். அந்தக் கலத்துக்குத் தெரிந்தது செத்துப்போன கணினியின் ஐ.பி. முகவரி மட்டும்: 10.7.4.130. அதை மாற்ற வழியில்லை. ஆகவே என் சர்வருக்கு அதையே இரண்டாம் முகவரியாகச் சூட்டப்போகிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண். செத்தவன் பெயருக்கு வருகிற கடிதத்தை நான் வாங்கிக்கொள்வேன்.

07:40

சூட்டியாயிற்று. முகவரியோடு சப்நெட் மாஸ்க் என்று ஒன்றும் தர வேண்டும். எந்தெந்தக் கதவு எண்கள் நம் தெரு, எவை வெளியூர் என்று சர்வருக்குக் காட்டும் வேலி அது. நம் தெரு என்றால் சர்வரே கொண்டுபோய்க் கொடுக்கும். வெளியூர் என்றால் பூமி ஆன்டெனாவின் தபால் பையில் போட்டுவிடும். முதல் முகவரிக்கு இருந்த 255.255.255.192 என்பதையே மேல்வரியிலிருந்து நகலெடுத்துப் போட்டேன். பதினெட்டு வருடமாக இந்தக் கை அப்படித்தான் போடுகிறது. இங்கிருந்தபடியே 130ஐக் கூப்பிட்டேன், பதில் வந்தது. இமயமலையைச் சுண்டுவிரலில் தூக்கி வைத்த களைப்பு. காபி.

15:10

இசக்கியின் கலத்தில் தொலைவுமானி பழுது. பிரேக் எஞ்சினை எப்போது எரிப்பது என்று ரேடாரைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். எரிபொருள் ஒரே தடவைக்கு. தவறினால் ரியாவைத் தாண்டிப் போய்விடுவாள். அவளை ஏற்றிவந்த தாய்க்கப்பல் வழியாகச் சொல்லி அனுப்பினேன்: "நான் சொல்லுத வரைக்கும் சுவிட்ச்ல கை வைக்கப்பிடாது, கேட்டியா. வச்சேன்னா உங்கம்மா என்னை உயிரோட புதைச்சிருவா."

பதில்: "சரி மாமா. நீங்க தூங்காம இருந்தாச் சரி."

நாள் 289, 10:04

தாய்க்கப்பல் அவளை இறக்கிவிட்டு வியாழனைப் பார்க்கப் போய்விட்டது; இனி அதோடு பேசப் பூமி வழியாகத்தான் முடியும். குரல் வெண்கல மணிபோல் வருகிறது. "மாமா, இசக்கி பேசுதேன். கேக்கா?"

10:06

"கேக்குட்டி. சரியா 12:40க்கு எரி" என்றேன்.

10:15

"மாமா, சத்தத்தையே காணும். காபி குடிக்கப் போயிட்டியளா?"

10:50

நாற்பது தடவை சொல்லிவிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பேசுவது வருவதால் முகவரி சரி. கோளாறு ஆன்டெனாவில்தான் இருக்க வேண்டும். உடை மாட்டிக்கொண்டு வெளியே போகிறேன்.

12:22

ஆன்டெனாவில் பழுது இல்லை. கேபிள் நன்றாக இருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது.

"மாமா, ரெண்டு கையையும் மடியில வச்சிட்டு இருக்கேன். நீங்க சொல்லாம தொடமாட்டேன்."

தொடுட்டி. தொடு. தொண்டை போய்விட்டது.

12:40

தொடவில்லை.

12:46

பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து: "வெயிலுமுத்து அண்ணாச்சி, செண்பகராமன் பேசுதேன். நீங்க இசக்கிகிட்டச் சொல்லுதது எங்களுக்கு வருது. அவளுக்குப் போகலை. மாஸ்க்கைப் பாருங்க."

10:06க்கு நான் சொன்னது பூமிக்குப் போக எண்பது நிமிடம். அவன் பதில் இங்கே வர எண்பது நிமிடம். அவன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

192 என்று போட்டால் வேலி 128இல் தொடங்கி 191இல் முடிகிறது. இசக்கியின் கலத்தின் கதவு எண் 200. அவளை வெளியூர் என்று நினைத்து, நான் பேசியதையெல்லாம் சர்வர் பூமிக்கு அனுப்பியிருக்கிறது. கடைசி எண்ணை 128 என்று போட்டிருந்தால் வேலி 255 வரை போயிருக்கும். ஒரே ஒரு எண்.

12:48

மாற்றினேன். உடனே: "மாமா, இப்பக் கேக்கு. எரிக்கட்டுமா?"

எரி என்றேன். எரித்தாள்.

13:25

வேகம் போதுமான அளவு குறையவில்லை. தாய்க்கப்பல் இனித் திரும்பி வந்து அவளைப் பிடிக்க முடியாது. அவளுக்குக் காற்று முப்பத்தோரு மணி நேரம். சிக்னல் இருபது மணி நேரம்.

"மாமா, ரியா பின்னால போவுதே. அது சரிதானா?"

ஐம்பது வருடம் புளுகிய வாய். ஒரு பொய்கூட அகப்படவில்லை. சரியில்லை என்றேன். என்ன பிழை, யார் கை என்றும் சொன்னேன்.

பிறகு:

"அம்மாட்ட ஆன்டெனா கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க மாமா."

18:00

பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறாள். சனியின் வளையத்தை என் இடுப்பு பெல்ட்டுக்கு அளவெடுத்த கதையைச் சொன்னேன். சிரித்தாள். இன்னொன்று கேட்டாள்.

நாள் 290, 09:20

சிக்னல் இல்லை. அவளுக்கு இன்னும் பதினொரு மணி நேரக் காற்று இருந்தது. நான் நிறுத்தாமல் பேசினேன்.

நாள் 291, 08:00

ஆக்சிஜன் சரி. அக்காவுக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். ஆன்டெனா இல்லை, என் கை.

நாள் 296

அக்காவிடமிருந்து பதில் இல்லை.

நாள் 297

சர்வருக்கு மூன்றாவதாக ஒரு முகவரி சேர்த்தேன். 10.7.4.200. மாஸ்க் 255.255.255.128. ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துப் பார்த்துப் போட்டேன்.

200ஐக் கூப்பிட்டேன். ஒரு மில்லிவினாடிக்குள் பதில் வந்தது.

என் சர்வர்தான் அவள் எண்ணில் பதில் சொல்கிறது. தெரியும். எனக்குத் தெரியாதா.

மறுபடி கூப்பிட்டேன். வந்தது.

மறுபடி. வந்தது.

மறுபடி.