இருபக்கப் போர்வை

நவம்பர் 6, வியாழன். மழை.

சுவிஸ்காரச் சம்பந்தி ஊர்சுலா கடைக்கு வந்தாள். என் மகள் பெறப்போகும் பிள்ளைக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறாளாம். அவள் இருக்கும் லாங்கன்தாலில் அதற்கு ஒரு வகுப்பு. புதுத் துணியை வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, திரும்பவும் ஒன்றாகத் தைப்பார்களாம். எங்கள் ஊரில் துணி வாங்க வழியில்லாதவன் செய்த வேலை. இங்கே காசு கட்டிப் படிக்கிறார்கள்.

துணியைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் முயல். கோப்பை கழுவிய தண்ணீரின் நிறம். இன்டர்லாக்கன் ஹோட்டலில் எட்டு வருடம் பார்த்த நிறம், எனக்குத் தெரியாதா?

"நல்ல வடிவு" என்றேன் டொச்சில், அவள் பாஷையில். வியாபாரி வாய்.

பூம்ப்ளிசில் சீலைக்கடை வைத்திருப்பவனின் பேரப்பிள்ளை முதன்முதலில் அந்த முயலிலா கிடப்பது? பார்ப்போம்.

நவம்பர் 8, சனி.

காலையில் ஒரு அக்கா: "அண்ணை, இது மங்காதோ?"

"மங்கினா எறிஞ்சுபோட்டு வாங்கோ, புதுசு எடுக்கலாம்."

சிரித்துக்கொண்டே வாங்கினா. சனம் இப்படித்தான்.

கடை பூட்டியபின் மெஷினில், நானும் ஒரு ஒட்டுப்போர்வை. பிளவுஸ் வெட்டி மிஞ்சிய பட்டு ஒரு பை. மாம்பழ மஞ்சள், மயில் நீலம், அரக்கு, கிளிப்பச்சை. பட்டு வழுக்குகிறது. ஊசி முறிந்தது. ஆனால் நிறமென்றால் இது நிறம். முயல் ஓடவேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய். நல்ல குளிர்.

மேல்பக்கம் முடிந்தது. மனுசி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஜரிகை கீறுது. அதோட, முப்பத்தொண்டு கழியமுன்னம் பச்சைப்பிள்ளையைப் புதுத்துணியிலயோ கிடத்துவினம்? சீலைக்கடை முதலாளிக்கு இதுவும் தெரியாது."

தெரியும். மறந்துபோனேன். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழந்துணிதான்.

"அப்ப உன்ர பழைய நூல்சீலையளைத் தா."

"எங்க கிடக்கு? போன வருசம் நீங்கள்தானே மூட்டை கட்டிக்கொண்டுபோய்ப் பழந்துணிப் பெட்டிக்குள்ள போட்டனீங்கள். கடைக்காரன்ர பெண்சாதி பழசு உடுத்தக்கூடாதெண்டு."

அலுமாரி முழுக்கக் கிளறினேன். எல்லாம் புதுசு. ஒரு முழம் பழந்துணிக்கு வக்கில்லாத துணி வியாபாரி. த்தூ.

மகள் போனில் சிரிக்கிறாள். "அப்பா, ஊர்சுலாட்டைக் கேளுங்கோ. அவ ஒண்டையும் எறியமாட்டா."

அவளிடமா!

நவம்பர் 15, சனி. மூடுபனி.

போனேன். லாங்கன்தால் வரை ரயிலில் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. செத்தவீடு போல.

ஊர்சுலா அலுமாரி திறந்தாள். அவளுடைய கலியாணத்துக்குத் தாய்வீடு கொடுத்த கட்டில் விரிப்புகள். மூலையில் சிவப்பு நூலில் பெயரெழுத்து. தொட்டேன். பூனைக் காது. எந்த மில்லும் இப்படி நெய்து தராது, தோய்த்துத்தான் வரவேண்டும். இதைப் பூட்டி வைத்துக்கொண்டு முயல் வாங்கியிருக்கிறாள், மண்டு.

முப்பத்தொன்றுக் கதையைச் சொன்னேன். இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள். பிறகு, "என் மகன் பிறந்து வீட்டுக்கு வந்தபோது இதில்தான் கிடத்தினேன். வெட்ட எனக்குக் கை வராது, ஹெர் நாதன்."

"நான் வெட்டுகிறேன்."

"உங்களுக்குக் கை வருமா?"

"துணிக்கு அழுதால் கடை நடத்த முடியாது."

அழுவாள் என்று நினைத்தேன். பேரம் பேசத் தொடங்கினாள். கோப்பி ஆறிப்போகும்வரை விடவில்லை. கடையில் நிற்கும் இரண்டு பெண்களையும் அனுப்பிவிட்டு இவளை வைக்கலாம்.

முடிவானது: விரிப்பு அவளுடையது, வெட்டும் தையலும் என்னுடையது. பெயரெழுத்து மூலை வெட்டாமல் நடுவில். ஜரிகை முழுக்க நான் பிரித்தெடுப்பது. முப்பத்தொன்று வரை பிள்ளைமேல் படுவது அவள் பக்கம், அதன்பின் என் பட்டு. முயல் நாலு கேட்டாள். ஒன்று. ஓரத்தில்.