தாழந்திட்டில் என்னைத் தாசில்தாராக்கிய வழிகாட்டி தசரதன் பேரில்

அனுப்புநர்:
வெ. கங்காதரம் பிள்ளை,
கிராமக் கர்ணம் (தற்சமயம் வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்),
வெள்ளானூர், ஆவடி வழி,
சைதாப்பேட்டை தாலூகா.

பெறுநர்:
மேன்மை தங்கிய கலெக்டர் துரை அவர்கள்,
செங்கற்பட்டு ஜில்லா,
சைதாப்பேட்டை.

பொருள்: ஒரு நாள் தீவுப் பயணத்தில் என்னைக் கேளாமலே தாசில்தாராக நியமித்து, பிறகு அதையே குற்றமாக எழுதி மொட்டை மனு அனுப்பிய வெள்ளானூர் தசரதன் மீது நடவடிக்கை கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்தாறு வருஷம் கர்ணமாக இருந்த நான் சென்ற மாதம் 19ஆம் தேதி முதல் வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறேன். சர்க்கார் அதிகாரியாக வேஷமிட்டு ஒரு தீவில் ஜமாபந்தி நடத்தினேன் என்பது குற்றச்சாட்டு. ஜமாபந்தி நடந்தது உண்மை. வேஷம் போட்டவன் நானல்ல, போட்டுவிட்டவர் மேற்படி தசரதன். வரும் 23ஆம் தேதி விசாரணை. அன்று என் உத்தியோகம் நிலைக்கும் அல்லது போகும். அதற்கு முன் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2. தசரதன் எங்கள் ஊரில் 'நாட்டுப்புறக் காட்சி சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்து அதன் ஸ்தாபகராகவும் காரியதரிசியாகவும் வழிகாட்டியாகவும் இருக்கிறார். அங்கத்தினராக இருக்க மட்டும் வேறு ஆட்களைத் தேடினார். பழவேற்காட்டு ஏரியில் உள்ள தாழந்திட்டு என்னும் மணல் தீவின் வனத்தையும் பறவைகளையும் குப்பங்களையும் ஒரே பகலில் காட்டித் திரும்ப அழைத்து வருவதாக நோட்டீஸ் அச்சிட்டார். 28-7-1935 ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பன்னிரண்டு பேர் மோட்டார் பஸ்ஸிலும் பிறகு படகிலும் சென்றோம்.

3. காட்சிகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, ஏனெனில் காட்சிகளே இல்லை. நோட்டீஸில் ஆயிரக்கணக்கில் இருந்த பூநாரைகள் ஏரியில் ஒன்றுகூட இல்லை. அவை மழைக்காலம் முடியும் தறுவாயில் வருபவை என்று படகுக்காரர் சொன்னார். வழிகாட்டி, "சாப்பிடப் போயிருக்கும், வந்துரும்" என்றார். இரண்டு மைல் மணல்மேட்டில் நடந்தோம். தாழம்புதரைக் காட்டி வனம் என்றார், நண்டு வளையைக் காட்டி நரிக்குகை என்றார். எங்களோடு வந்த மணவாளன், "மணலப் பாக்கவா நைனா இம்மாந்தூரம்? நம்ம ஏரி வாய்க்கால்லயே கீதே" என்றதற்கு, "அது சும்மா மணலு. இது காட்டு மணலு" என்று விளக்கம் தந்தார். இவ்வகை விளக்கத்துக்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இல்லாததால் மேலே செல்கிறேன்.

4. கடற்காற்று உடம்புக்கு ஆகாது என்று சொல்லித் தம் கறுப்புக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். அதற்குப் பொத்தான் கிடையாது, உட்பக்கமாக நான்கு ஊசிகளைக் குத்தி மூடிவிட்டார். அவருடைய அன்பு என்று நினைத்தேன். சர்க்கார் ஊழியத்தில் இருப்பவன் அன்பை ரசீது இல்லாமல் வாங்கிக்கொள்ளக் கூடாது.

5. குப்பத்தின் எல்லையில் அதன் தலைவரான நாட்டார் துலுக்கானம் எங்களை நிறுத்தினார். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அது அவிழும்வரை வெளியூரார் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் கிராமம் காட்ட ஆள் கூட்டிவருவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதைத் தங்கள் தீர்ப்புக்கு விடுகிறேன். "அசலூரு ஆளு வந்தா ஆத்தா எங்களத்தான் கேப்பா, உங்கள கேக்கமாட்டா" என்று நாட்டார் மரியாதையாகவே சொன்னாராம். தசரதனின் பதில்: "இன்னா நாட்டாரே, யாருன்னு பாத்துப் பேசு. அந்தாண்ட கோட்டு போட்டுகினு வர்றாரே, ஜமாபந்திக்கு வந்துகீற தாசில்தாரு. ஆத்தாவே எழுந்து நிப்பா."

6. அப்போது நான் ஒரு பர்லாங்கு பின்னால், காலில் ஏறிய இராவணன் மீசைப் புல்லின் முட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இச்சம்பாஷணையைப் பிறகு மணவாளன் வாய்மொழியாகத்தான் அறிந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது புன்னை மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. நுங்கு வந்தது. பின்னாலேயே காகிதங்கள் வந்தன.

7. கர்ணம் எந்த ஊருக்குப் போனாலும் காகிதம் வரும். கல்யாண வீட்டிலும் வரும், சாவு வீட்டிலும் வரும். எனவே எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்து, அடியில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமும் தேதியும் இட்டேன். இருபத்தாறு வருஷமாகக் கையில் காகிதம் வந்தால் கை தானாகச் செய்யும் வேலை அது. அப்படி எட்டு மனுக்கள். வைகாசியில் முடிந்துபோன ஜமாபந்தியை ஆடியில் நடத்தும் தாசில்தார் உலகத்தில் இருக்க முடியாது என்பதை மட்டும் என் தரப்பில் குறிப்பிடுகிறேன்.

8. ஒன்பதாவது மனு கன்னியம்மாள் என்பவருடையது. மண்ணெண்ணெய் டின்னில் ஒன்பது வருஷம் வைத்திருந்ததால் மடிப்புகளில் கிழிந்திருந்தது. தீவில் குடிநீர் இல்லை. பெண்கள் தோணியில் அக்கரை போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். மேட்டுக்குக் கிழக்கே பதினைந்து அடியில் நல்ல நீர் உண்டு, ஆனால் தோண்டத் தோண்ட மணல் சரிகிறது. சுட்ட மண் வளையங்களான உறைகளை இறக்கிக் கிணறு வெட்டித் தர வேண்டும் என்பது கோரிக்கை. "ரெண்டு பானைக்கு ஒரு பகலு பூடுது, தாசில்தாரு தொரெ. சுத்தியும் தண்ணி கீது, கொயந்த வாயில ஊத்த ஒரு சொட்டு இல்ல. நீங்களாச்சும் வந்துகீறீங்களே" என்றார். நான் தாசில்தார் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மனுவில் 'உறைக்கிணறு ஒன்று உடனே வெட்டவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதல் எட்டும் பழக்கம். ஒன்பதாவது குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

9. திரும்பும் படகில் தசரதன் முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. "பிள்ளைவாள், நாற்காலி உங்களுக்கு நல்லா பொருந்திச்சு" என்றார். கோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. பத்தே நாளில் தாலூகா கச்சேரிக்கு மொட்டை மனு போயிற்று. அதில், போலி அதிகாரியின் கோட்டு உட்பக்கம் நான்கு ஊசிகளால் மூடப்பட்டிருந்தது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஊசிகளை அறிந்தவர்கள் இருவர். ஒருவன் நான். என்னை விலக்கிய இடத்தில் இப்போது தற்காலிகக் கர்ணமாக இருக்கும் சம்பத், தசரதனின் மனைவியோடு உடன்பிறந்தவர் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

10. விசாரணைக்குத் தொடர்பில்லாத ஒரு தகவல்: தசரதனின் மாட்டுக்கொட்டகை ஏரிப் புறம்போக்கில் ஏழு முழம் உள்ளே நிற்கிறது. ஊர்க்காரர் என்ற தாட்சண்யத்தால் பதினொரு வருஷம் அது என் கண்ணில் படவில்லை. அந்தத் தாட்சண்யம் மேற்படி படகுப் பயணத்தோடு காலாவதியாகிவிட்டது. அளவு வரைபடம் இணைத்திருக்கிறேன். பார்க்காமல் இருந்ததற்கு எனக்குள்ள தண்டனையையும் பெற்றுக்கொள்கிறேன், அவர் பெற்றுக்கொண்ட பிறகு.

11. ஆகவே தங்களைப் பணிந்து கோருவது:

(அ) என்னை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும். அதிகாரியாக நடந்ததற்குத் தண்டித்தே ஆக வேண்டுமானால், அதிகாரிகளைத் தண்டிக்கும் வழக்கப்படி சம்பளத்தோடு வேறிடத்துக்கு மாற்றலாம்.

(ஆ) கொட்டகையைப் பிரிக்க உத்தரவிட வேண்டும். மாடுகள் நிரபராதிகள்; அவற்றை முதலில் வெளியேற்றலாம்.

(இ) கன்னியம்மாள் மனுவில் என் கையொப்பத்தை அடித்துவிட்டுத் தங்கள் கையொப்பத்தை இட வேண்டும். உறைகள் வந்து சேர்ந்ததும், குழி தோண்டும் வேலையைத் தசரதனிடம் ஒப்படைக்க வேண்டும். சித்திரை மாதம் உசிதம். வாரும் மணலில் பாதி திரும்பச் சரியும் இடம் அது. நீர் காணும்வரை அவரை மேலே ஏற்ற வேண்டாம். தீவையும் அதன் மணலையும் அவரைப்போல் அறிந்தவர் இல்லை என்பதற்கு அவருடைய அச்சடித்த நோட்டீஸே சாட்சி.

மேற்கண்ட மூன்றையும் ஒருசேரச் செய்வது தங்களுக்கு இயலாதெனில், முதலாவதை விட்டுவிடலாம்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
வெ. கங்காதரம் பிள்ளை
(ஒப்பம்)

இடம்: வெள்ளானூர்
தேதி: 9-9-1935

இணைப்பு: பயண நோட்டீஸ் ஒன்று, புறம்போக்கு வரைபடம் ஒன்று, கன்னியம்மாள் மனுவின் நகல் ஒன்று, கோட்டு ஒன்று, ஊசிகள் நான்கு.